புரிந்தவர்களுக்கு மட்டும் பச்சைப் பட்டை

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவு அவள் பொறுப்பு. மாஸ்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அறுபது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, அளந்து, மறுபடி அளந்து, அதற்குப் பிறகும் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் வெட்டும் இயந்திரத்தின் பட்டனில் கை வைப்பாள். யாராவது அவசரப்படுத்தினால், "வெட்டினா வெட்டினதுதான். அப்புறம் ஸாரி சொன்னா துணி வளருமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு நாற்பத்து நாலாவது வயதில் மாதத்தில் பதினாலு நாள் உதிரப்போக்கு. மேசையருகே நின்றபடியே கண் இருட்டியது. பக்கத்து கிளினிக்கில் ரத்த அளவு எட்டுதான் இருக்கிறது என்றார்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். உள்ளேயிருந்து கொஞ்சம் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். கடைசியில் எல்லாக் காகிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் திணித்து, "நல்ல தனியார் ஆஸ்பத்திரியா பார்த்துக் காட்டுங்க" என்று கையில் கொடுத்துவிட்டார்கள்.

மாஸ்டரம்மா ஒரு சட்டைக்கை மாதிரி வெட்டிய பழுப்புத் தாளின் பின்பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டாள். ஒன்று: எடுத்துத்தான் ஆகவேண்டுமா, வேறு வழி இருக்கிறதா? இரண்டு: எடுப்பதானால் கர்ப்பப்பையை மட்டுமா, அதன் இரண்டு பக்கமும் இருக்கிற சினைப்பையையும் சேர்த்தா? மூன்று: எடுத்த பிறகு உடம்பு எப்படி இருக்கும்? மூன்றுக்கும் பதில் தெரியாமல் படுக்கப்போவதில்லை என்று முடிவு செய்து, கணவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கணவர் ஒரு கிடங்கில் பதிவேடு எழுதுகிறவர். அவர் வாயைத் திறந்தால் முதலில் விழுகிற சொல் "சரிங்க". கிடங்கில் அவருக்குப் பெயரே அதுதான். "சரிங்க வந்துட்டாரா?" என்று மேலாளர் கேட்பார். "சரிங்க இன்னிக்கு லீவு சார்" என்பார்கள்.

ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் தரை அவ்வளவு பளபளப்பாக இருந்தது. தன் முகத்தையே மிதித்துக்கொண்டு நடப்பதுபோல் மாஸ்டரம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் உறையைப் பிரிக்காமலே சிரித்தாள்.

"கர்ப்பப்பைதானேம்மா? எடுத்துடலாம்."

"எடுக்கணும்னு யாரும்மா சொன்னா?"

"இது கர்ப்பப்பை எடுக்கற மாடிம்மா. எடுக்க வேண்டாம்னா இந்த மாடியில ஏன் இறங்கினீங்க?"

"சரிங்க" என்றார் கணவர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏம்மா, நான் டாக்டரைப் பார்க்கணும்."

"தாராளமா. ஆபரேஷனுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி டாக்டரைப் பார்க்கலாம். அதுக்கு நீங்க முதல்ல புரிஞ்சுக்கணும்."

"டாக்டரைப் பார்த்தாத்தானே எனக்குப் புரியும்?"

"இல்லம்மா. புரிஞ்சாத்தான் டாக்டர்."

இருவரையும் புரிதல் மையம் என்று எழுதியிருந்த கூடத்துக்கு அனுப்பினார்கள். நோயாளிக்குப் புரிந்தால் போதாது, கூட வருகிறவருக்கும் புரியவேண்டும் என்பது விதி. அதனால் ஆளுக்கொரு மஞ்சள் பட்டையை மணிக்கட்டில் கட்டினார்கள். மஞ்சள் என்றால் இன்னும் புரியவில்லை. பச்சை என்றால் புரிந்துவிட்டது. பச்சை வந்ததும் தியேட்டர் கதவு தானாகத் திறக்குமாம்.

கூடத்தில் ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புரிதல் இயக்குநர் வந்தார். மடிப்புக் கலையாத கோட்டு, சட்டைப்பையில் மூன்று பேனா. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அந்தக் காலத்துல டாக்டர் பாட்டுக்கு வெட்டுவாரு, நோயாளி பாட்டுக்குப் படுத்திருப்பாங்க. யாருக்கும் ஒண்ணும் புரியாது. இப்ப அப்படியில்ல. புரிஞ்சு படுத்திருக்காங்க. எங்க புரிதல் விகிதம் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது. எப்படிச் சாதிச்சீங்கன்னு வெளியிலருந்தெல்லாம் வந்து கேக்கறாங்க. ரொம்ப சுலபம். கேள்வி கேட்டா புரியலைன்னு அர்த்தம். கேக்கலைன்னா புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ஒரு கேள்விக்கு அஞ்சு மார்க் கழிச்சோம் பாருங்க, ஒரே மாசத்துல அத்தனை பேருக்கும் புரிஞ்சிடுச்சு!"

ஒன்பது பெண்களும் கைதட்டினார்கள். மாஸ்டரம்மா கையைத் தூக்கினாள்.

"அந்த மிச்சம் ஒரு ஆளு என்ன ஆனாங்க சார்?"

"அவங்க இப்ப எங்க நோயாளி இல்லம்மா" என்று இயக்குநர் கனிவாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற உதவியாளர் மாஸ்டரம்மாவின் மதிப்பெண் அட்டையில் ஐந்து மார்க்கைக் குறைத்தார்.

அடுத்து படம் போட்டார்கள். கடற்கரையில் ஒரு பெண் ஓடினாள். புல்வெளியில் ஓடினாள். மொட்டைமாடியில் கையை விரித்துக்கொண்டு சுற்றினாள். பின்னணியில் ஒரு குரல், "இனி தடையில்லை" என்றது. இருபது நிமிடப் படத்தில் கர்ப்பப்பை என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

"இவங்களுக்கு என்ன எடுத்தாங்க?" என்று கேட்டாள் மாஸ்டரம்மா.

"அவங்க நடிகைம்மா. அவங்களுக்கு ஒண்ணும் எடுக்கல." இன்னொரு ஐந்து மார்க் போயிற்று.

பிறகு ஆலோசகி வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண். அவள் கையில் பாடம் சொல்ல ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருந்தது. மாஸ்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது காது மாதிரில்ல இருக்கு?"

"காதுதாம்மா. கர்ப்பப்பை பொம்மை கண்காட்சிக்குப் போயிருக்கு. பரிசெல்லாம் வாங்கியிருக்கு. நீங்க இதையே கர்ப்பப்பைன்னு நினைச்சுக்கோங்க."

"சினைப்பை எங்க இருக்கும்?"

ஆலோசகி காதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் காதுமடலின் நுனியை விரலால் தொட்டு, "இந்தப் பக்கம் வெச்சுக்கலாம்" என்றாள்.

"அதையும் எடுப்பீங்களா?"

"அது முழுமைத் தொகுப்பும்மா. எல்லாம் அதுலயே வந்துடும்."

"என்னென்ன எல்லாம்?"

"அம்மா, தயவுசெஞ்சு கேக்காதீங்க" என்று ஆலோசகி குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். "உங்க மார்க் கரைஞ்சுக்கிட்டே போகுது."

தனியார் சிகிச்சை என்றால் நோயாளிதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் அந்த ஆஸ்பத்திரி கறாராக இருந்தது. அதற்கென்று பதினாலு பக்கத்தில் விருப்பப் படிவம் கொடுத்தார்கள். அறையின் திரைச்சீலை என்ன நிறம்? தலையணை கெட்டியா, மெத்தென்றா? மயக்கம் வரும்போது புல்லாங்குழலா, வீணையா, அலையோசையா? கண்விழித்ததும் முதலில் யார் முகத்தைப் பார்க்க விரும்புகிறீர்கள்? போர்வையின் ஓரத்தில் பூ வேண்டுமா? மாஸ்டரம்மா ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனாள். பதினாலாவது பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். கர்ப்பப்பை வேண்டுமா வேண்டாமா என்று எந்தப் பக்கத்திலும் கேட்கவில்லை.

கணவர் எல்லாவற்றையும் நிரப்பி முடித்திருந்தார். போர்வையில் பூ வேண்டும் என்று போட்டிருந்தார்.

கடைசியில் தேர்வு. "கர்ப்பப்பை என்பது: (அ) வேலை முடிந்தது, (ஆ) தொல்லை தருவது, (இ) மேற்கண்ட இரண்டும்." இப்படி இருபது கேள்விகள். மாஸ்டரம்மா முதல் கேள்விக்கு எதிரே, "இதைப் பரிசோதித்து டாக்டர்தான் சொல்லவேண்டும்" என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். மற்ற பத்தொன்பதுக்கும் "மேற்படி" என்று போட்டாள். கணவர் இருபதிலும் (இ)யைத் தேர்ந்தெடுத்தார். கிடங்கில் எந்தப் படிவம் வந்தாலும் கடைசிக் கட்டத்தில் குறியிடுவது அவர் வழக்கம்.

அரைமணி நேரத்தில் முடிவு வந்தது. மாஸ்டரம்மா: பன்னிரண்டு. கணவர்: நூறு. இயக்குநர் இறங்கி வந்து அவர் கையைக் குலுக்கினார்.

"இத்தனை வருஷத்துல ஒரு ஆண் நூறு வாங்கினது இதுதான் சார் முதல் தடவை. ஒரு கேள்விகூடக் கேக்கல நீங்க!"

"சரிங்க" என்றார் கணவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவருடைய மஞ்சள் பட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சைப் பட்டை கட்டினார்கள். மாஸ்டரம்மா தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால் தியேட்டர் வாசலில், கணுக்காலுக்கு மேலே நிற்கும் நீல அங்கியோடு தள்ளுகட்டிலில் மல்லாந்து கிடந்தார். மேலே பூப்போட்ட போர்வை.

"ஏங்க! இங்க என்ன பண்றீங்க?"

"உடுப்பை மாத்துங்கன்னாங்க. மாத்தினேன்."

"படுங்கன்னா படுத்துடுவீங்களா?"

"சரிங்கன்னேன்" என்றார் அவர். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "முடி எடுக்கணும்னு வேற சொல்றாங்கம்மா."

மாஸ்டரம்மா தியேட்டர் நர்ஸைப் பிடித்தாள். "ஏம்மா, இவரு ஆம்பளை!"

"எங்களுக்கும் கண்ணு இருக்கும்மா" என்றாள் நர்ஸ். "ஆனா பட்டை பச்சையா இருக்கே. நாங்க ஆளைப் பார்க்கறதில்ல. பட்டையைத்தான் பார்ப்போம். ஆளைப் பார்த்தா தப்பு வந்துடும்."

இயக்குநரைக் கூப்பிட்டார்கள். அவர் போர்வையை ஒருமுறை பார்த்தார், கோப்பை இரண்டுமுறை பார்த்தார்.

"அம்மா, உங்க பதட்டம் எனக்குப் புரியுது. ஆனா நோயாளிக்கு முழுசாப் புரிஞ்சிருக்கு. கையெழுத்தும் போட்டிருக்காரு. பன்னெண்டு மார்க் வாங்கினவங்க சொல்றதைக் கேட்டு நூறு வாங்கினவரோட உரிமையை நான் எப்படிப் பறிக்கறது?"

"அவருக்குக் கர்ப்பப்பையே கிடையாது சார்!"

"அது மருத்துவக் கருத்தும்மா. அதை டாக்டர்தான் சொல்லணும்."

"அப்ப டாக்டரைக் கூப்பிடுங்க."

"கூப்பிட வேண்டியதே இல்ல. பச்சைப் பட்டைக்காரரோட உடனிருக்கறவங்க ஆபரேஷனுக்கு முன்னாடி பத்து நிமிஷம் டாக்டரைப் பார்க்கலாம். அது உங்க உரிமை. எங்க விதி அவ்வளவு தெளிவு." கதவு தானாகத் திறந்தது.

உள்ளே ஒரு சின்ன அறை. பச்சைத் தொப்பி போட்ட டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே கட்டில் உருண்டு வந்தது. டாக்டர் கணவரைப் பார்த்தார். கணவர் டாக்டரைப் பார்த்தார். பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"இவரு யாரு?"

"பச்சைப் பட்டை சார்" என்றாள் நர்ஸ்.

"இவருக்குக் கர்ப்பப்பை இல்லையே!"

"அதுக்குள்ள எடுத்துட்டீங்களா சார்?"

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். நர்ஸை வெளியே அனுப்பினார். மாஸ்டரம்மா பிளாஸ்டிக் உறையையும் பழுப்புத் தாளையும் அவர் மடியில் வைத்தாள். "இவரை விடுங்க சார், அப்படியே கிடக்கட்டும். பத்து நிமிஷம்தான் இருக்கு. இதைப் பாருங்க."

டாக்டர் ஸ்கேனை விளக்குக்கு நேரே பிடித்தார். பரிசோதனைக் காகிதத்தைப் படித்தார். மாஸ்டரம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டி மூணு சென்டிமீட்டர். சுவத்துக்குள்ள இருக்கு, உள்பக்கம் முட்டல. சதைப் பரிசோதனை சுத்தமா வந்திருக்கு, புற்றுநோய் இல்ல. இதுக்கு உடனே எடுக்கணும்னு யாரு சொன்னது?"

"இந்த மாடி சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. "பாருங்கம்மா. ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கு. கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற, காப்பர் டி மாதிரி சின்ன ஹார்மோன் சாதனம் இருக்கு. வெச்சு ஆறு மாசத்துல நிறையப் பேருக்குப் போக்கு நல்லாவே குறைஞ்சிடும். ரத்தம் ஏற இரும்புச்சத்து மாத்திரை. அதுலயும் கேக்கலேன்னா கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கலாம். எதுவும் சரிப்படலே, போதும்டா சாமின்னு நீங்களே நினைச்சா, அப்ப கர்ப்பப்பையை எடுக்கலாம். எடுக்கறது தப்பில்ல. சிலருக்கு அதுதான் நிம்மதி. ஆனா அது கடைசிப் படி. நீங்க இன்னும் முதல் படியிலயே கால் வைக்கல."

"தையலைப் பிரிச்சுப் பார்க்காமலே துணியை வெட்டறாங்கன்னு சொல்றீங்க."

"அப்படியேதான்."

"ரெண்டாவது கேள்வி சார். எடுத்தா, சினைப்பையும் சேர்த்தா?"

"உங்க வயசுல காரணம் இல்லாம அதைத் தொடக்கூடாது. தொட்டா ஒரே நாள்ல மாதவிடாய் நின்ன உடம்பாயிடும். திடீர்திடீர்னு உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும், நாள்பட எலும்பு பலவீனமாகும். உங்க மூணாவது கேள்விக்கும் பாதிப் பதில் இதுதான்."

"இங்க முழுமைத் தொகுப்புன்னாங்களே?"

டாக்டர் டீயைப் பார்த்தார். "அதுல எல்லாம் சேர்த்துத்தான்."

"ஏன் சார்?"

"தனித்தனியா எடுக்கறதுக்கு அந்தப் படிவத்துல கட்டம் இல்லம்மா."

கட்டிலின் சக்கரம் கிறீச்சிட்டது. கணவருக்குக் குளிர் நடுக்கம்.

"இத்தனை வருஷத்துல உங்ககிட்ட யாரும் இதைக் கேக்கலையா?"

"கேள்வி கேக்கறவங்க இந்தக் கதவு வரைக்கும் வரமாட்டாங்க. வர்றவங்க எல்லாம் பச்சைப் பட்டையோட வருவாங்க." டாக்டர் தொப்பியைக் கழற்றினார். "நான் கேட்டிருக்கலாம். உங்களுக்கு இது வேணுமாம்மான்னு. பாதி மயக்கத்துல படுத்திருப்பாங்க. எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு ஃபைல்ல இருக்கும். எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு."

தான் சொன்னதை எழுதிக் கொடுக்க டாக்டர் படிவம் தேடினார். எடுக்க வேண்டாம் என்று எழுதுவதற்கு அங்கே படிவம் இல்லை. பழுப்புத் தாளிலேயே மூன்று கேள்விகளுக்கும் கீழே பதிலை எழுதிக் கையெழுத்திட்டார்.

கணவருக்கும் ஏதாவது எழுதியாக வேண்டும். பச்சைப் பட்டையோடு உள்ளே வந்தவர் காகிதம் இல்லாமல் வெளியே போகமுடியாது. அறுவை முடிவுப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: "நோயாளிக்குத் தற்போது கர்ப்பப்பை உள்ளதா?" டாக்டர் உண்மையைத்தான் குறித்தார்: இல்லை. கணினி அதை வெற்றி என்று ஏற்றுக்கொண்டது. இரண்டு ஊழியர்கள் வந்து கணவருக்கு வாழ்த்து அட்டை கொடுத்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது. குனியக்கூடாது. மாடிப்படி கொஞ்சமா ஏறணும். வீட்டுல இருக்கறவங்க இவரை ஒரு வேலையும் செய்யவிடக்கூடாது" என்று ஊழியர் மாஸ்டரம்மாவிடம் வாசித்துக் காட்டினார்.

"சரிங்க" என்றார் கணவர், இந்தமுறை முழு மனதோடு.

"ஆறு வாரமா? எந்திரிச்சு நடங்க" என்றாள் மாஸ்டரம்மா.

கூடத்தைக் கடந்துதான் லிஃப்டுக்குப் போகவேண்டும். ஒன்பது பெண்களும் பச்சைப் பட்டையோடு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நடந்து வருகிற இருவரையும் அவர்கள் வியப்பாகப் பார்த்தார்கள். கோடி நாற்காலியில் இருந்தவள் ஒரு பஸ் கண்டக்டர், வேலை உடுப்போடே வந்திருந்தாள்.

"அக்கா, டாக்டரை நேர்ல பார்த்தீங்களாமே? பேசினாரா?"

"நல்லாத்தான் பேசினாரு. கேட்டா சொல்றாரு."

"என்ன கேட்டீங்க?"

மாஸ்டரம்மா பழுப்புத் தாளைப் பிரித்தாள். "பதிலெல்லாம் என் உடம்புக்குச் சொன்னது. உங்க உடம்புக்கு வேறயா இருக்கும். சிலருக்கு எடுத்துத்தான் ஆகணும்னுகூட இருக்கலாம். கேள்வியை மட்டும் எழுதிக்கோங்க."

கண்டக்டர் காதிலிருந்த பேனாவை எடுத்தாள். மற்ற எட்டுப் பேரும் விருப்பப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார்கள். அங்கே நிறைய இடம் இருந்தது.

மூன்று நாள் கழித்து, கம்பெனியில் நீலத் துணியை விரித்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் போன் செய்தார்.

"அம்மா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? ஒம்போது பேரும் பட்டையைக் கழட்டி மேசையில வெச்சுட்டு, டாக்டரைப் பார்க்காம நகரமாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. அவங்களைப் பார்த்துட்டு அடுத்து வந்தவங்களும் கேக்கறாங்க. புரிதல் விகிதம் நாலுக்கு இறங்கிடுச்சு! கேள்வி எப்படிப் பரவுதுன்னு கண்டுபிடிக்கக் குழு போட்டிருக்கோம். தொற்றுநோய்ப் பிரிவுலருந்து ரெண்டு பேர் வந்திருக்காங்க."

"டாக்டர் பதில் சொல்றாரா சார்?"

"காலையிலருந்து அதுதான் வேலை. தியேட்டர் பாதி நேரம் காலியாக் கிடக்கு."

"அப்ப நல்லதுதானே."

மறுமுனையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மறுபடி வந்த குரல் ஒலிபெருக்கிக் குரலாக இல்லை.

"அம்மா, ஒரு விஷயம். என் வீட்டுக்காரிக்கும் மூணு வருஷம் முன்னாடி இங்கதான் எடுத்தோம். தொண்ணூத்தெட்டு மார்க் வாங்கினா. அதுலருந்து ராத்திரி தூக்கம் கிடையாது, உடம்பு எரியுதுங்கறா, மூட்டெல்லாம் வலிங்கறா. மனசுதான் காரணம்னு நான் சொல்லிட்டிருந்தேன். உங்க கேள்வித்தாள் எப்படியோ அவ கையில கிடைச்சிருக்கு. ரெண்டாவது கேள்வியைக் காட்டி, என்கிட்டருந்து எதையெல்லாம் எடுத்தீங்கன்னு கேக்கறா."

"ஃபைலைப் பார்த்துச் சொல்லுங்க சார்."

"பார்த்தேம்மா" என்றார் இயக்குநர். "அதுல மார்க் மட்டும்தான் இருக்கு."